ஒட்டுத் தெரியட்டும்

சென்ற இதழுக்கு நண்பர் ஒருவர் தம் தந்தையைப் பற்றி நினைவுக் கட்டுரை அனுப்பியிருந்தார். நூற்பாலைத் தொழிலாளியாக இருந்து 1994இல் மறைந்தவர் அந்தத் தந்தை. கட்டுரையுடன் ஒரு வண்ணப்படமும் வந்தது. மகன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தந்தை பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருக்கிறார். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் நேரத்தில்தான் உறுத்தியது. மகனுக்குத் தலை நரைத்திருந்தது. தந்தைக்கு நாற்பது வயதுகூட இராது. ஆலை விபத்துக்குப் பிறகு அப்பாவின் இடது இமை பாதி இறங்கியே இருக்கும் என்று மகனே கட்டுரையில் எழுதியிருந்தார். படத்தில் இரண்டு கண்களும் ஒரே அளவாகத் திறந்திருந்தன.

தொலைபேசியில் கேட்டோம். ஆலையின் அடையாள அட்டையிலிருந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றி மகள் உருவாக்கித் தந்தது என்றார். “அப்பாவோட சேர்ந்து நிக்கிற மாதிரி எங்கிட்ட ஒரு படம்கூட இல்லைங்க” என்றார். அந்த ஏக்கத்தின் முன்னால் தலைகுனிகிறோம். இப்போது பரவும் மோகம் அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2025 மார்ச் இறுதியில் சாட்ஜிபிடியில் புதிய படம் உருவாக்கும் வசதி வந்தது. சில நாட்களில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் ஜிப்லி பாணிச் சித்திரங்களாக மாறினார்கள். முதல் வாரத்தில் மட்டும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் 70 கோடிக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியதாகச் சாட்ஜிபிடி நிறுவனத்தார் அறிவித்தனர். அந்தப் பாணியை உருவாக்கிய ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோவில், ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் நான்கே நொடி வரும் ஒரு கூட்டக் காட்சியை வரைய 1 ஆண்டு 3 மாதம் ஆயிற்று. ஆகஸ்ட் இறுதியில் கூகுளின் ‘நானோ பனானா’ வந்தது. பழைய சினிமா நாயகியைப் போலச் சேலை கட்டிய படங்கள் இன்ஸ்டாகிராமை நிறைத்தன. அடுத்து, சிறுவயதுத் தன்னையே கட்டியணைக்கும் படங்கள். அதையொட்டி இறந்தவர்கள் வந்தார்கள். வாட்சப் ஸ்டேட்டஸில் தொடங்கியது, நினைவஞ்சலிச் சுவரொட்டி, திருமண பேனர் என்று நகர்ந்து, கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டும் படம்வரை வந்துவிட்டது.

“ஸ்டுடியோக்காரர் இதைத்தானே செய்தார்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் போன தாயின் படத்தை வெட்டி, மணமக்களுக்கு மேலே ஒட்டிக் கொடுத்த ஸ்டுடியோக்கள் ஊருக்கு ஊர் இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள். கிழியாத சேலையும் கழுத்தில் சங்கிலியும் வரைந்து கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒட்டுத் தெரிந்தது. வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுந்தது. தூரிகைத் தடம் கண்ணில் பட்டது. ஆல்பத்தைப் புரட்டும் யாருக்கும் அந்த அம்மா அன்று அங்கே இல்லை என்பது புரிந்தது. இல்லாமையைச் சொல்லிக்கொண்டே இருந்தது அந்த ஒட்டு. புதிய படம் அந்த ஒன்றைத்தான் அழித்துவிடுகிறது.

அழிவது அது மட்டுமில்லை. நண்பரின் கட்டுரையில் தந்தை எந்த இடத்திலும் மகன் தோளில் கை வைக்கவில்லை. சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல், பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். அந்தப் பேச்சின்மைக்குள் இருந்த பாசத்தைக் கண்டுபிடிக்க மகனுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. கட்டுரையே அந்தக் கண்டுபிடிப்புத்தான். இயந்திரமோ எங்கெங்கோ கிடைத்த கோடிக்கணக்கான படங்களிலிருந்து ஒரு பாசத்தை எடுத்து அவர் கையில் பூட்டிவிட்டது. நாளை பேரன் பார்க்கப்போவது அந்தக் கையைத்தான். சைக்கிளில் பேசாமல் போன மனிதர் இரண்டாம் முறை இறந்துபோவார்.

அவரோடு சேர்ந்து நின்ற படம் ஏன் இல்லை? ஸ்டுடியோ டவுனில் இருந்தது; போனால் ஒருநாள் கூலி போகும். நம் பாட்டிகள் பலருக்கு, ரேஷன் கார்டுக்கோ வாக்காளர் அட்டைக்கோ அரசாங்கம் கேட்டதால் எடுத்த ஒரே படம்தான் மிச்சம். சில வீடுகளில், இறந்த பிறகு நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க எடுத்த படமே முதலும் கடைசியுமான படம். யாருக்குப் படம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது நம் சமூகத்தின் வரலாறு. எல்லாப் பாட்டிகளும் பட்டுச்சேலையில் பேத்தியைக் கட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினால் அந்த வரலாறு சுவரிலிருந்து இறங்கிவிடும்.

வீட்டுக்கு வெளியே இதன் விலை இன்னும் பெரிது. இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கைகளில் இருந்தது பிள்ளைகளின் படம். இவன் இருந்தான், இதோ முகம் என்பதற்கு அந்தப் படத்தைவிட எளிய சாட்சி அவர்களிடம் இல்லை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய போர்க்காலக் கொலைக் காட்சிகளைப் போலி என்று இலங்கை அரசு சொன்னது. தடயவியல், துப்பாக்கி, காணொளி வல்லுநர்களிடம் ஆராயக் கொடுத்து, அவை உண்மையானவையாகவே தெரிகின்றன என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அறிவிக்க 2010 ஜனவரி ஆயிற்று. இத்தகைய செயலிகள் எவர் கையிலும் இல்லாத காலத்திலேயே ‘போலி’ என்ற ஒரு சொல்லை எதிர்கொள்ள அத்தனை பாடு. பொய்ப் படம் வீட்டுக்கு வீடு புழங்கும் காலத்தில், உண்மையான படத்தை ஏந்தி நிற்கும் தாயிடம் “இதுவும் செயலியில் செய்ததா?” என்று கேட்பது எவ்வளவு சுலபம்! அன்போடு நாம் உருவாக்கும் ஒவ்வொரு படமும் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பலம் சேர்க்கிறது.

பொது மேடையும் இதற்குப் பழகிவிட்டது. 2018இல் மறைந்த மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலை அவருடைய கட்சி உருவாக்கி வெளியிட்டது. அவர்கள் மறைந்த நாள் தமிழகம் முழுவதற்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை எனலாம். நூற்பாலைத் தொழிலாளிக்கு அந்தக் காப்பு கிடையாது. அவரை அறிந்தவர்கள் பத்துப் பேர். அவர்களும் போய்விட்டால் படம் சொல்வதே அவர் வாழ்க்கை.

ஆகவே இதழ்க்குழு ஒரு முடிவெடுத்திருக்கிறது. மனிதர்களைப் பற்றிய எழுத்துடன் இயந்திரம் உருவாக்கிய படம் எதையும் இனி வெளியிட மாட்டோம். மங்கியது, கிழிந்தது, பூச்சி அரித்தது எதுவாயினும் மூலப் படத்தையே அனுப்புங்கள். படமே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு அச்சிடுகிறோம். நண்பரின் கட்டுரையுடன் அடையாள அட்டைப் படத்தையே வெளியிட்டோம். ஆலையின் ஊதா முத்திரை பாதித் தோளை மறைத்திருக்கிறது. சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கிறது. இடது இமை இறங்கியிருக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையுடன் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியது. எந்த ஆய்வாளரும் உங்கள் வீட்டுப் பரண்வரை வந்துவிட முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியைத் திறந்து படங்களை வெளியே எடுங்கள். வீட்டின் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது யார், எந்த ஊர், யார் கல்யாணம் என்று கேளுங்கள். படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். அவருக்கு நினைவிருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.