நாமினி உரிமையாளரா, அமானிதம் ஏற்றவரா?

உச்சிப்புளி, புதுமடம், இருமேனி, மரைக்காயர்பட்டினம் என்று நீளும் நம் கடற்கரையூர்களில், பல இல்லங்களின் இரும்புப் பெட்டிக்குள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒன்றேனும் கிடக்கக் காணலாம். வளைகுடாவுக்குப் பயணம் புறப்படும் முன் வாலிப வயதில் எடுத்ததாயிருக்கும். பெட்டியில் பத்திரம் இல்லாதவருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 436 ரூபாய் பிடித்தமாகி, மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டம் 2015 முதல் இருந்து வருகிறது. ஏஜெண்டு நீட்டிய படிவத்தில் அன்று தாயின் பெயரையோ மூத்த மகனின் பெயரையோ நாமினி என எழுதிக் கையெழுத்திட்டவர், பிறகு அப்பெயரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவர் கண்மூடிய நாற்பதாம் நாளுக்குள், அந்த ஒரு வரியே உடன்பிறந்தோரை ஜமாஅத்துத் தலைவர் முன்னும் வக்கீல் வீட்டு வாசலிலும் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

“வாப்பா என் பெயரைத்தானே எழுதினார், பணம் என்னுடையது” என்பான் மகன். “நாங்களும் அவருக்குப் பிறந்தவர்கள்தாமே” என்பர் சகோதரிகள். இவருள் யார் சொல்வது மார்க்கத்துக்கு உகந்தது? நாட்டின் சட்டம் யாது கூறுகிறது?

சட்டத்தை முதலில் காண்போம். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 39ஆம் பிரிவில் நாமினியைப் பற்றிப் பேசுகிறது. நாமினி என்பவர் நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மாத்திரமே, பணத்துக்கு உரியவர் வாரிசுகளே என்று உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்பளித்தது. இறந்தவரின் மனைவி நாமினி; பங்கு கேட்டு வந்தவர்களுள் அவருடைய தாயும் ஒருவர். முப்பதாண்டுகளுக்கு மேல் இதுவே நிலைபெற்ற சட்டமாயிருந்தது.

2015ல் நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தியது. பெற்றோர், மனைவி அல்லது கணவன், மக்கள் ஆகியோருள் ஒருவர் நாமினியானால், அவருக்கே அப்பணத்தின் பயன் உரியதாகும் என்னும் வாசகம் நுழைந்தது. சச்சரவு மீண்டும் தளிர்த்ததும் இங்கேதான். திருமணத்துக்கு முன் தாயை நாமினியாக்கி, பின்னர் மனைவியையும் குழந்தையையும் விட்டு இறந்த ஒருவரின் வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் 2025ல் இத்திருத்தத்தை ஆராய்ந்தது. வாரிசுகள் உரிமை கோரும்போது நாமினியின் உரிமை வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பணிந்தே தீரவேண்டும் எனக் கூறி, தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் பிரித்தளித்தது. அவர்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் ஆதலின் அவ்வாறு சமபங்காயிற்று. இத்தீர்ப்பு கர்நாடகத்துக்குக் கட்டளை. தமிழகத்து நீதிமன்றங்களுக்கு எடுத்துக்காட்டு மாத்திரமே. ஆகவே 2015ன் வாசகத்தைக் காட்டி முழுத்தொகையையும் கேட்க முனைவோர் நம்மிடையே இனியும் இருப்பர்.

வாசகப் பெருமக்களே! நீதிமன்றம் எவ்வழி சென்றாலும் முஃமினுக்கு வழி ஒன்றே. நாமினி என எழுதியது மார்க்கத்தின் பார்வையில் என்ன? அதனை ஹிபா, அதாவது நன்கொடை என்பார் சிலர். நன்கொடை நிறைவேற, கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பொருள் பெறுபவரின் கைவசம் ஆகவேண்டும். நாமினியின் பெயரையோ பத்திரதாரர் தாம் விரும்பும்போது மாற்றலாம். மவுத்து வரை நாமினியின் கைக்கு ஒரு காசும் வருவதில்லை. ஆகவே ஹிபா அன்று. வஸிய்யத்து என்று வைத்துக்கொண்டாலோ, வாரிசுக்கு வஸிய்யத்து இல்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். ஏனைய வாரிசுகள், மரணத்துக்குப் பின், மனமொப்பி இசைந்தாலன்றி அது செல்லாது. எஞ்சுவது அமானிதம் ஒன்றே. 1983ல் உச்ச நீதிமன்றம் வந்தடைந்த முடிவும் ஏறத்தாழ இதுவே என்பது சிந்திக்கத்தக்கது.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் துணைவியார் தம் இரு பெண்மக்களுடன் நாயகத்தின் திருமுன் வந்து, பிள்ளைகளின் சிறிய தகப்பனார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டதாக முறையிட்டார். வாரிசுரிமை வசனம் அருளப்பட்டது. அச்சகோதரரை அழைத்த நாயகம் (ஸல்) அவர்கள், பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டும், தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு மீதியை நீர் வைத்துக்கொள்ளும் என்றார்கள். பணம் எவர் கையில் இருந்தது என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

24 லட்சம் ரூபாய் வந்ததாகக் கொள்வோம். மய்யித்தின் அடக்கச் செலவும், மனைவிக்குத் தரவேண்டிய மஹ்ர் உள்ளிட்ட கடன்களும் ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டன, வஸிய்யத்தும் இல்லை. இறந்தவருக்குத் தந்தை இல்லை. தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் உளர். தாய்க்கு ஆறில் ஒன்றாக 4 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 லட்சம். எஞ்சிய 17 லட்சத்தில் மகனுக்கு எட்டரை லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் நாலேகால் லட்சம். மனைவி நாமினியாக இருக்கும் வீடுகளில், மூலையில் தஸ்பீஹுடன் அமர்ந்திருக்கும் அந்தக் கிழத்தாயின் 4 லட்சத்தை எவரும் நினைப்பதேயில்லை!

காப்பீடே ஆகுமா என்பது தனி விவகாரம். ஜித்தாவிலுள்ள ஃபிக்ஹு அகாடமி 1985ல் வணிகக் காப்பீட்டை ஹராம் என்றது; ஆகும் என்ற அறிஞர்களும் உளர். விலக்கியோரும், கட்டிய பிரீமியத் தொகை வாரிசுகளின் உடைமை என்பதை மறுக்கவில்லை; அதற்கு மேற்பட்டதை ஏழைகளுக்கு வழங்கிவிடச் சொல்வர். அரசு விதவைக்கென்றே தரும் குடும்ப ஓய்வூதியமோ இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தன்று. அது அப்பெண்ணுக்கே உரியது என்பது நம் கருத்து. அதையும் பங்கு வைக்கக் கேட்பது முறையன்று.

நாமினியிடம் பணம் கொடுத்ததோடு நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடும். ஆதலால் தாவா உள்ளவர்கள், பட்டுவாடா ஆகுமுன்னரே நீதிமன்றத் தடையுத்தரவு பெறவேண்டும். பின்னர் நாமினி மீதுதான் வழக்காட நேரும். அந்நிலை வராதிருக்க, திருமணமானதும், பிள்ளை பிறந்ததும், நாமினி மாற்றப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பலர் பெயரையும் அவரவர் விகிதத்துடன் எழுத இடமுண்டு. ஆயின் வாரிசுகளும் பங்குகளும் மரண வேளையில்தான் முடிவாகும் என்பதால், கணக்கு எதுவாயினும் ஃபராயிள் அறிந்த ஆலிமிடம் அப்போது மீண்டும் கேட்டாக வேண்டும்.

இன்னொன்று. “தங்கைகள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்” என்று சொல்லிக் கையெழுத்துத் தாளை நீட்டும் அண்ணன்மார் உளர். தொகை எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று அறியாமல், தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் இட்ட கையெழுத்து மனமொப்பிய இசைவு ஆகாது. முதலில் பங்கை அவள் கையில் கொடுங்கள். பிறகு அவள் விரும்பினால் திருப்பித் தரட்டும். பருவமடையாப் பிள்ளைகளின் பங்கையோ பெற்ற தாயும் விட்டுக்கொடுக்க இயலாது. அது அவர்கள் பெயரிலேயே தனிக்கணக்கில் இருந்து, வயது வந்ததும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்கப்பட வேண்டும்.