கரிசல் சரக்கும் கணினிக் கடையும்

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை வந்து, கழுகாசலமூர்த்தியைத் தரிசித்து, மலையேறி வெட்டுவான் கோவிலின் சிற்பங்களையும் பாறையில் செதுக்கிய சமணத் திருவுருவங்களையும் கண்டு மகிழ்ந்து ஊர் திரும்பும் யாத்ரிகர்கள் வாங்கிக்கொண்டு போகும் கடலை மிட்டாய், வீடு போய்ச் சேர்ந்த இரண்டொரு நாளில் தீர்ந்துபோகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தபடியே அதை மறுபடியும் வரவழைக்க முடியுமா என்று அவர்கள் விசாரிப்பதும், முடியும் என்று சொல்லும் ஆவலில் வியாபாரி ஆன்லைன் கடை திறப்பதும், சில மாதங்களில் அந்தக் கடை கவனிப்பாரற்றுக் கிடப்பதும் சிறு நகரங்களில் இன்று சாதாரணக் காட்சிகள். இதில் சரக்கின் மேல் குற்றமில்லை. வியாபாரியின் முயற்சியிலும் குறைவில்லை. ஷாப்பிங் கார்ட் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் எதை முதலில் கேட்க வேண்டுமோ அதைக் கேளாமல் விட்டதே பெரும்பாலும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் வாங்கிப்போகும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரல் மாதத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் நிலத்துக் கடலையும், பக்குவம் தவறாமல் காய்ச்சிய வெல்லப்பாகும், மேலே தூவிய வண்ணத் தேங்காய்த் துருவலுமாக அமைந்த இந்தப் பண்டத்தின் பெயரை இனி எவரும் எங்கிருந்தும் தம் இஷ்டம்போல் பயன்படுத்த முடியாது. பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டபடியால், அப்பெயரை நம்பி வாங்க விரும்புகிறவரிடம் உற்பத்தியாளரே நேரில் சரக்கைச் சேர்ப்பிப்பதுதான் அடுத்த காரியம். அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்ற சந்தைகளில் வைத்து விற்கலாம், விற்கவும் வேண்டும். ஆனால் அங்கே வாங்கியவர் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர். அடுத்த தீபாவளிக்கு அவரை அழைத்துப் பேசும் உறவு நமக்கு ஏற்படுவதில்லை. ஆகையால் சொந்தக் கடை அவசியமே.

அந்தக் கடைக்கு மென்பொருள் தேடுகிறவர் முதலில் பார்ப்பது முகப்பின் அழகை. அடுத்தபடியாக மாத வாடகையை. இவ்விரண்டுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது தம் சரக்கின் சுபாவம். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஷாப்பிஃபை, கனடாவின் ஒட்டாவா நகரில் 2004 ஆம் ஆண்டு பனிச்சறுக்குப் பலகை விற்பதற்காகத் தொடங்கிய ஒரு கடைக்கென எழுதிய மென்பொருளிலிருந்து வளர்ந்து, 2006 இல் பிறருக்கும் உபயோகமாகும் வகையில் வெளிவந்தது. பனிச்சறுக்குப் பலகையின் விலைக்கு முன்னால் அதை அனுப்பும் செலவு அற்பம். நம்முடைய பண்டமோ விலை குறைந்தது, கனமானது, எளிதில் நொறுங்குவது, காலக்கெடு உள்ளது. இத்தகைய சரக்குக்கு அனுப்புக் கூலிதான் லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிக்கிறது.

இந்தக் கூலி விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் தராசில் வரும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, இரண்டில் எது கூடுதலோ அதற்கே கூலி வாங்குகின்றன. 30 சென்டிமீட்டர் நீளமும் 20 அகலமும் 15 உயரமும் உள்ள பெட்டியில் 1 கிலோ மிட்டாயை வைத்து அனுப்பினால், கணக்கு எடை 1.8 கிலோ, அரைக்கிலோ படிகளாகக் கூலி ஏறுமிடத்தில் அது 2 கிலோவாகிவிடும். மிட்டாய் 1 கிலோ, பெட்டி 100 கிராம் என்று இறுக்கமாகக் கட்டினாலும் ஒன்றரைக் கிலோவின் படியில் போய் நிற்கும். எனவே பெட்டியின் எடையையும் அளவையும் தானாகச் சேர்த்துக்கொள்ளவும், இரண்டு பொட்டலம் கேட்டவருக்கு மூன்றாவதையும் சேர்த்தால் கூலி ஏறாது என்று காட்டவும், பின்கோடு வாரியாகக் கூலியைப் பிரிக்கவும் வசதியுள்ள மென்பொருள் எதுவோ அதுவே கடலை மிட்டாய்க்கு உகந்தது. ‘இந்தியா முழுவதும் ஒரே கூலி’ என்ற ஒற்றைக் கட்டத்தை மட்டும் வைத்திருக்கும் கடை, அண்டை ஊரான சாத்தூர்க்காரரிடம் அதிகமாக வாங்கி அவரை விரட்டும். கௌஹாத்திக்காரரிடம் குறைவாக வாங்கி நம்மை நஷ்டப்படுத்தும். (இப்பகுதியின் மற்றொரு பெருந்தொழிலான தீப்பெட்டிக்கு இந்த யோசனைகள் எவையும் பொருந்தா; எளிதில் தீப்பற்றும் பொருளாகையால் அது தபாலில் அனுப்பத் தடைசெய்யப்பட்ட சரக்கு.)

அடுத்தது பணம் வரும் வழி. ஒரு கிலோவுக்கு 300 ரூபாய் விலை என்று வைத்துக்கொள்வோம். பணத்தை வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே 2 சதவீதம் எடுத்துக்கொண்டால் 6 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 7 ரூபாய் 8 காசு. யுபிஐ மூலம் வரும் பணத்துக்கு வணிகரிடம் கழிவு பிடிக்கலாகாது என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தபோதிலும், இடையில் நிற்கும் நிறுவனங்கள் தங்கள் சேவைக்கென்று தனிக் கட்டணம் கேட்பதுண்டு. ஷாப்பிஃபையின் சொந்தப் பணச் சேவை இந்தியாவில் இல்லாமையால், அதன் அடிப்படைத் திட்டத்தில் கேட்வேயின் பங்கு போக மேலும் 2 சதவீதம் அந்த நிறுவனத்துக்குப் போகிறது. மாத வாடகை 2000 ரூபாய் என்றால், மாதம் 40 பெட்டி விற்கிறவருக்குப் பெட்டிக்கு 50 ரூபாய் பாரம். 400 பெட்டி விற்கிறவருக்கு 5 ரூபாய். ஒரே மென்பொருள் ஒருவருக்கு மலிவாகவும் மற்றவருக்கு ஆபத்தாகவும் இருப்பது இதனால்தான். கேஷ் ஆன் டெலிவரியைக் குறித்தும் ஒரு வார்த்தை: வாங்க மறுத்துத் திருப்பியனுப்பிய பெட்டிக்குப் போகவும் வரவும் கூலி நம் தலையில் விழுவதோடு, திரும்பி வந்த மிட்டாயும் விற்பனைக்கு ஆகாது. அந்த வசதியைச் சில பின்கோடுகளுக்கு மட்டும் நிறுத்திவைக்க இயலாத மென்பொருளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். 1995 இல் அமெரிக்காவில் வயாவெப் என்ற மென்பொருள் தோன்றி, கடைக்காரர் தம் கணினியில் எதையும் நிறுவாமல் பிரௌசர் வழியாகவே கடை நடத்தலாம் என்று காட்டியது. 1998 இல் அதை யாஹூ விலைக்கு வாங்கிற்று. அன்று முதல் மென்பொருளை வாடகைக்கு எடுத்து நடத்தும் வாடகைக் கடை, தாமே நிறுவி நடத்தும் சொந்தக் கடை என்று இரு மார்க்கங்கள் நிலைபெற்றுவிட்டன. வாடகைக் கடையில் பராமரிப்புக் கவலை இல்லை. 2011 இல் வந்த வூகாமர்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளில் மூலப் பிரதி இலவசம். ஆனால் சர்வர் வாடகையும், ப்ளக்இன் கட்டணமும், இடைவிடாத புதுப்பித்தலும், அது தவறினால் திருடர் நுழையும் அபாயமும் கூடவே வருகின்றன. வாடகைக்கு விடுகிறவர் பெரிய நிறுவனமானால் பயமில்லை என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் ஈபே நிறுவனம் நடத்திய மஜெண்டோ கோ என்ற வாடகைச் சேவை 2015 பிப்ரவரியில் மூடப்பட்டது. அமேசானின் வெப்ஸ்டோர் 2016 இல் மூடப்பட்டது. அவற்றில் கடை வைத்திருந்தவர்கள் அனைவரும் மூட்டை கட்ட நேர்ந்தது. சொந்தக் கடை மார்க்கத்திலும் இதே கதைதான்: தாமே நிறுவிக்கொள்ளும் மஜெண்டோ மென்பொருளின் முதல் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூனில் நின்றபோது, அதை நம்பியிருந்தவர்கள் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே கடை திறப்பதற்கு முன்பே அதைக் காலி செய்யும் வழியைப் பார்த்துவிட வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர் விவரம், சரக்குப் பட்டியல், படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா? டொமைன் பெயர் வியாபாரியின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரிலா? இரண்டாவது கேள்வியின் முக்கியத்துவம் பலருக்கும் சச்சரவு வந்த பிறகே விளங்குகிறது. வெட்டுவான் கோவில் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டது. அதை இடம்பெயர்க்க எவராலும் ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. கடையை அவ்வாறு ஒருவரது பாறையில் செதுக்கிவிடலாகாது.

பாஷை விஷயத்திலும் கவனம் தேவை. முகப்பில் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் பில்லைப் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். பெயர்ப் படிவத்தில் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டு, முதலெழுத்து மட்டுமே உடைய தமிழரைத் தடுமாறவைக்கும் கடைகளும் உண்டு. இவை சிறு குறைகளாகத் தோன்றலாம். பாதி ஆர்டரில் கைவிட்டுப் போகிறவரை நாம் கண்ணால் காண்பதில்லையாதலால், இவற்றின் நஷ்டம் நமக்குத் தெரிவதே இல்லை. சட்டத்தின் தேவைகளும் உள்ளன. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றுக்குச் சரக்கின் விவரப் பக்கத்தில் இடம் வேண்டும். 2020 ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவும் வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டாரும் நாலைந்து வேலையாட்களுமாக நடத்தும் மிட்டாய்க் கடைக்கு, விற்பனையில் பங்கு கேளாமல் நிலையான வாடகை மட்டும் வாங்கும், விவரங்களைத் தடையின்றி இறக்கிக்கொள்ள விடும் வாடகை மென்பொருளே ஆரம்பத்துக்கு ஏற்றது. மாதம் நானூறு ஐந்நூறு பெட்டிகள் தாண்டி, கணினி தெரிந்த ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் சக்தி வந்த பிறகு வூகாமர்ஸ் பக்கம் போகலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவும் இப்படியொரு கடை மென்பொருளைத் தருகிறது. நம் சீமையில் தமிழில் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவர் என்பது பெரிய அனுகூலம்தான் என்றாலும், மேற்சொன்ன பரீட்சைகளுக்கு அவரையும் உட்படுத்தியே ஏற்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெருந்தொகை கொடுத்துப் புதிதாக மென்பொருள் எழுதிவாங்குவது மட்டும் கூடவே கூடாது. எழுதியவர் வேலை மாறிப் போனபின் அதைத் தொடுவதற்கு ஆள் கிடைக்காது.

இந்தப் பரீட்சைகளை ஒவ்வொரு வியாபாரியும் தனித்தனியே செய்து தனித்தனியே நஷ்டப்படுவதற்கு அவசியமில்லை. புவிசார் குறியீட்டைப் பெற ஒன்றுகூடி முயன்ற கடலை மிட்டாய் உற்பத்தியாளர்கள், இதற்கும் ஒருநாள் கோவில்பட்டியில் கூடி, மென்பொருள் நிறுவனத்தாரை வரவழைத்து, தங்கள் பொட்டலத்தையும் தங்கள் பெட்டியையும் வைத்து ஓர் ஆர்டரைப் போடச்செய்து, கூலிக் கணக்கையும் தமிழ் பில்லையும் பார்த்து, கடைசியாக அந்த ஆர்டர் விவரத்தைக் கோப்பாக இறக்கித் தரச்சொல்ல வேண்டும். இறக்கித் தர இயலாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.