கெடுத்தவர்களே சரி செய்த தீவு



"மனுஷன் கை வச்சா எதுவும் உருப்படாது"ன்னு நாம அடிக்கடி சொல்றோம். சுற்றுச்சூழல் பற்றிப் பேச்சுப்போட்டி வந்தால் முடிவுரையே இதுதான். இது பாதி உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதிக்கு சாட்சி, தெற்கு ஜார்ஜியா என்கிற தீவு.

அட்லஸை எடுங்க. தென் அமெரிக்காவின் கீழ்நுனிக்குக் கிழக்கே ஃபாக்லாந்து தீவுகள். அங்கிருந்து இன்னும் சுமார் 1,400 கி.மீ. தள்ளி, அண்டார்டிகாவுக்குப் போகிற வழியில், ஒரு கீற்று மாதிரி தெரியும். அதுதான். நீளம் சுமார் 170 கி.மீ. பாதிக்கு மேல் நிரந்தரப் பனி. பேஜெட் சிகரத்தின் உயரம் 2,935 மீட்டர். மரம் கிடையாது. விமானம் இறங்க இடம் கிடையாது, கப்பல்தான். ஊர் என்று சொல்லக் குடிமக்களும் இல்லை. ஆராய்ச்சியாளர்களும் அதிகாரிகளும் முறை வைத்து வந்து தங்கிப் போகிறார்கள். பிரிட்டன் ஆளுகிறது, அர்ஜென்டினாவும் உரிமை கேட்கிறது. 1982 போரில் இந்தத் தீவும் மூன்று வாரம் கை மாறியது.

1775-ல் கேப்டன் குக் இங்கே இறங்கினார். தென்கண்டம் என்று நினைத்தார். சுற்றிப் பார்த்தால் வெறும் தீவு! அதன் தென்முனைக்கு 'ஏமாற்ற முனை' என்றே பெயர் வைத்தார். ஆனால் "சீல்கள் ஏராளம்" என்ற அவருடைய செய்தி வேட்டைக்காரர்களை இழுத்தது. 1825-க்குள் சுமார் 12 லட்சம் சீல் தோல்கள் போய்விட்டதாக வெடல் என்ற கப்பல் தலைவர் கணக்கு சொன்னார். அடுத்தது திமிங்கிலம். 1904-ல் நார்வேக்காரர் லார்சன் கிரிட்விகனில் வேட்டை நிலையம் தொடங்கினார். 1965 வரை இந்தத் தீவில் வெட்டப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,250. எல்லாம் எண்ணெய்க்காக!

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கெடுதல். தெரியாமல் நடந்தது இன்னொன்று. வேட்டைக் கப்பல்களிலிருந்து எலி இறங்கியது.

எலிதானேன்னு நினைக்காதீங்க. மரமே இல்லாத தீவில் பறவைகள் தரையிலும் பொந்திலும்தான் முட்டை இடும். எலிக்கு விருந்து! அங்கே மட்டுமே வாழும் தெற்கு ஜார்ஜியா பிப்பிட் என்ற சின்னஞ்சிறு பாடும் பறவை, எலி போகாத குட்டித் தீவுகளிலும் சில ஓரங்களிலும் ஒதுங்கிப் பிழைத்தது.

2011-ல் ஒரு ஸ்காட்லாந்து அறக்கட்டளை வேலையைத் தொடங்கியது. எலியால் பெரிய பனியாறுகளைத் தாண்ட முடியாது. அதனால் தீவு, சுவர் வைத்த அறைகள் மாதிரி பிரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியாக ஹெலிகாப்டரில் இருந்து விஷத்தீனி தூவினார்கள். ஆனால் பூமி சூடாகி அந்தப் பனிச்சுவர்கள் பின்வாங்கிக்கொண்டே இருந்தன. சுவர் போய்விட்டால், சுத்தம் செய்த இடத்துக்கு எலி மறுபடி வந்துவிடும். அதனால்தான் அவ்வளவு அவசரம். 2011, 2013, 2015 என்று மூன்று கட்டம். பிறகு மோப்ப நாய்களை விட்டுத் தேடினார்கள். 2018 மே மாதம் 'எலி இல்லாத தீவு' என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 1 கோடி பவுண்டு. பிப்பிட் திரும்பி வந்து கூடு கட்டியது.

"எலியும் உயிர்தானே, கொல்றது பாவம் இல்லையா?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த விஷத்தில் வாத்து, ஸ்குவா போன்ற பறவைகளும் சில செத்தன, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் எலியைக் கொண்டுபோய் விட்டது நாம். சும்மா இருந்திருந்தால் பிப்பிட்டுக்கு வாழ இடமே இல்லாமல் போயிருக்கும். அங்கே சும்மா இருப்பதும் ஒரு பாவம்தான் என்பேன்.

"அப்ப எதைக் கெடுத்தாலும் அப்புறம் சரி பண்ணிக்கலாம்"னு யாரும் கிளம்பிடாதீங்க! திமிங்கிலத்தை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து விட முடியாது. வேட்டையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது ஒன்றுதான் வழி. 1998 முதல் 2018 வரை தீவைச் சுற்றி நடந்த கணக்கெடுப்புகளில் கண்ணில் பட்டது ஒரே ஒரு நீலத்திமிங்கிலம். 2020-ல் 55. வேட்டை நின்று அரை நூற்றாண்டுக்குப் பிறகு! 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்து, 2024-க்குள் முக்கியக் கடற்கரைகளில் குட்டி போடும் பெண் யானைச் சீல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதற்கு எந்த விஷத்தீனியும் உதவாது.

எலி இறங்க ஒரு கப்பல் கயிறு போதும். அதைத் திருப்பி அனுப்ப இருநூறு வருஷம் கழித்து ஒரு கோடி பவுண்டு வேண்டியிருந்தது. அதனால்தான் இப்போது அங்கே இறங்குபவர்களின் பூட்ஸில் ஒட்டிய விதையைக்கூடத் தட்டிவிட்டுத்தான் விடுகிறார்கள். பூட்ஸைத் தட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

"மனுஷன் கை வச்சா உருப்படாது" என்பது சும்மா இருக்க ஒரு சாக்கு. கெடுத்த கைதான் சரி செய்யவும் வேண்டும். அதைவிட நல்லது, முதலிலேயே பூட்ஸைத் தட்டுவது!