சிட்டையும் பேரேடும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கணினியின் வன்தட்டினுள் மட்டும் இது தலைகீழாகிவிடுகின்றது. அங்கே ஏட்டில் இல்லாத சுரைக்காய், கொடியிலே காய்த்துத் தொங்கினாலும் இல்லாததேயாகும். படமும் பாடக்குறிப்பும் தட்டில் அப்படியே இருக்க, அவை எங்கே இருக்கின்றன என்று குறித்துவைத்த ஏடு மட்டும் சிதைந்துபோவதனால், பல வீடுகளில் "எல்லாம் போயிற்று" என்ற ஓலம் எழுகின்றது. உண்மையில் எல்லாம் போய்விடுவதில்லை. பதறிச் செய்யும் காரியமே பல வேளைகளில் எஞ்சியதையும் போக்கிவிடுகின்றது.

மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560 ஆம் ஆண்டிலும், ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டிலும் கைக்கொண்டனர். அவர்கள் ஆட்சியில் இலங்கையிலே காணி விவரங்களை எழுதிவைத்த பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். கோப்பு முறைமை எனப்படுவது வன்தட்டின் தோம்பேயாகும். கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்கள் வரம்பிட்டுத் துண்டுதுண்டாகக் கிடப்பதுபோல, தட்டின் பரப்பும் சிறுசிறு துண்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் ஒரு துண்டம் 4096 பைட்டுகள் கொள்ளும். ஒரேயொரு கல்யாணப் படம் இத்தகைய பல நூறு துண்டங்களை நிரப்பிவிடும். எந்தத் துண்டம் எந்தக் கோப்புக்கு உரியது, எந்தத் துண்டம் தரிசாகக் கிடக்கின்றது என்பவற்றையெல்லாம் அந்தத் தோம்பே சொல்லவேண்டும்.

இத்தோம்பு கெடுவது எவ்வாறு? ஒரு கோப்பைச் சேமிப்பது நமக்கு ஒரு செயலாகத் தோன்றினும், கணினிக்கு அது பல செயல்கள். துண்டங்களை ஒதுக்கவேண்டும், உள்ளடக்கத்தை எழுதவேண்டும், பெயரைப் பதியவேண்டும், அளவைக் குறிக்கவேண்டும். இவற்றின் இடையிலே மின்சாரம் நின்றால், பாதி எழுதிய உறுதிப்பத்திரம்போல வேலை அந்தரத்தில் நிற்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அறிவித்து வரும் இருளுக்கு முன்னரே கணினியை முறையாக நிறுத்திவிடலாம். அறிவியாது வருவதே பகை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கினால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. 2020 ஆம் ஆண்டு முதல் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழன்றுவருகின்றன. ஆயினும் காற்றாலைக்குப் பக்கத்து வீடும் அந்நாளில் இந்த இருளுக்குத் தப்பவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்குபவர் செய்வதும் குரங்கு செய்த வேலையே.

தோம்பு கெட்டால் எழும் வழக்குகளும் காணி வழக்குகள் போன்றவையே. ஒரே துண்டத்துக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடும். சில துண்டங்கள் பிடிபட்டவை என்று ஏட்டில் இருக்கும். ஆனால் உரியவர் இரார். சில கோப்புகள் உயிரோடிருக்கும், பெயரைத் தொலைத்திருக்கும். இவ்வழக்குகளைத் தீர்க்க, யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க காலத்தில் சிறுசிறு நிரல்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டவேண்டியிருந்தது. அவ்வேலைகளை ஒன்றாகத் திரட்டி டெட் கோவால்ஸ்கி என்பவர் எழுதிய நிரலே 'எப்.எஸ்.சி.கே.' அது ஐந்து கட்டங்களாக வேலை செய்யும். முதலில் துண்டங்களையும் அளவுகளையும் பார்க்கும். பின்னர் பெயர்களையும், அதன்பின் தொடர்புகளையும் ஆராயும். நான்காவதாக ஒவ்வொரு கோப்பையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்று எண்ணும். இறுதியில் தரிசுக் கணக்கை ஒப்புநோக்கும். பெயரிழந்த கோப்புகளை 'லாஸ்ட் அண்ட் பவுண்ட்' என்னும் தனிக்கூடத்தில் எண்ணிட்டு வைக்கும். விண்டோசில் இப்பணியைச் செய்வது 'செக்டிஸ்க்'.

வியாபாரிகள் அன்றன்றைய கொடுக்கல் வாங்கலை முதலிற் சிட்டையில் எழுதி, ஆறுதலாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு எழுதும்போது விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்து மீளவும் எழுதிவிடலாம். 1993 ஆம் ஆண்டில் விண்டோசுடன் வந்த என்.டி.எப்.எஸ்., 2001 ஆம் ஆண்டில் லினக்சில் இணைந்த எக்ஸ்ட்-3 ஆகியவை இவ்வாறே சிட்டை வைத்துக்கொள்பவை. பென் டிரைவுகளிலும் கேமரா அட்டைகளிலும் பெரும்பாலும் உள்ள பாட்-32, எக்ஸ்-பாட் என்பவற்றுக்கோ சிட்டை இல்லை. மாணவர்கள் தம் செயற்றிட்டத்தைப் பென் டிரைவில் மட்டும் வைத்துத் திரிவது எத்துணை ஆபத்தென்பது இதனால் விளங்கும்.

நிற்க. தட்டு திறக்க மறுக்கும்போது செய்யத்தக்கது யாது? "பார்மட் செய்யவா?" என்று கணினி கேட்கும். வேண்டாம் என்றே விடை சொல்லவேண்டும்; அஃது இருக்கின்ற தோம்பை அகற்றிவிட்டு வெற்றுத் தோம்பை வைப்பதாகும். அத்தட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது. தட்டிலிருந்து டக்டக்கென்று ஓசை வருமாயின், நோய் ஏட்டில் அன்று, உடலில். உடனே நிறுத்தி, வல்லவரிடம் ஒப்படைப்பதே முறை. ஓசை இல்லையாயின், 'டி.டி. ரெஸ்கியூ' போன்ற இலவச நிரலினால் தட்டு முழுவதையும் வேறொரு தட்டுக்குத் துண்டம் துண்டமாகப் படியெடுக்கவேண்டும். பின்னர் அப்படியையே சோதிக்கவேண்டும். செக்டிஸ்க்கை வெறுமனே ஓட்டினால் அது குற்றங்களைச் சொல்லும். 'எப்' என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் திருத்தும். எப்.எஸ்.சி.கே.யும் 'என்' சேர்த்தால் பார்க்கமட்டுமே செய்யும். முதலிற் பார்த்தல், பிறகு திருத்தல். பயன்பாட்டில் இருக்கும் தட்டில் திருத்தத்தை ஒருபோதும் ஓட்டலாகாது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இந்நிரல்கள் கணக்கை நேராக்குமேயன்றி, சரக்கை மீட்கப் பிறந்தவை அல்ல. ஒரு துண்டத்துக்கு இருவர் வழக்காடினால், கணக்கு ஒத்துவரும்பொருட்டு ஒரு கோப்பை அழித்துவிடவும் அவை தயங்கா. "இப்போது குற்றமில்லை" என்று திரையில் வரும். பாட்டியின் படமோ பாதி சாம்பலாய் இருக்கும். ஆதலினாலேயே படியெடுத்தலை முதலில் வைத்தோம். ஏடு முற்றும் அழிந்தவிடத்து, ஒவ்வொரு வகைக் கோப்பின் தலைப்பகுதி அடையாளங்களைக் கொண்டே தேடியெடுக்கும் 'போட்டோரெக்' என்னும் நிரல் கைகொடுக்கும். பெயர்கள் போய்விடும்; முகங்கள் கிடைக்கும்.

முகங்கள் என்றது வெறுஞ்சொல் அன்று. 1990 ஆம் ஆண்டில் இக்கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. அதே ஆண்டு ஒக்டோபரில் தீவைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. இத்தகைய வீடுகளில் தாய் தந்தையரின் படம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கும். பிள்ளைகள் அதனை வருடிப் படமாக்கிக் கணினியில் வைத்திருப்பார்கள். காகிதப் படம் மங்கிப்போயிருக்கும். அவ்வீட்டுக்கு வன்தட்டு ஒரு பொறியன்று, முதுசம். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளே மீளாது அழிந்தன. 2005 ஆம் ஆண்டு முதல் நம்மவர் நூல்களை மின்வடிவில் திரட்டிவரும் 'நூலகம்' திட்டம் நமக்கு உணர்த்தும் பாடமும் அதுவே: ஒரே இடத்தில் இருப்பது இருப்பதாகாது.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமையில் வீட்டார் கூடியிருந்து, இழக்கவொண்ணாதவை எவை என்று தெரிந்தெடுங்கள். அவற்றுக்கு மூன்று படிகள் செய்யுங்கள். ஒன்று கணினியில் இருக்கட்டும்; ஒன்று தனித் தட்டில் அலுமாரியில் இருக்கட்டும்; ஒன்று வவுனியாவிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். மாதமொருமுறை திறந்து பாருங்கள். திறந்து பாராத படி, படியன்று. குளம் உடைத்த பின்னர் மண் சுமப்பதினும், மாரிக்கு முன்னரே கட்டைப் பார்த்துவைப்பது எளிது என்பதைக் கட்டுக்கரைக் குளத்து உழவருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.