விதை நெல் யார் குதிரில்?

‘உனக்கு வெளிநாட்டுல யாரய்யா தெரியும்?’

ஆய்வு நிதி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் போன தோழர் ஒருவரிடம் மேலே உட்கார்ந்திருந்தவர் கேட்ட கேள்வி இது. தோழர் அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. என்ன ஆய்வு என்று கேட்கவில்லை. இதுவரை என்ன கண்டாய் என்றும் கேட்கவில்லை. யாரைத் தெரியும்? அவ்வளவுதான். இதை ஒரு தனி ஆளின் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. விண்ணப்பப் படிவமே இதைத்தான் கேட்கிறது, கொஞ்சம் நாகரிகமான மொழியில்.

பன்னாட்டு அறிவியல் கூட்டாய்வுக்கு ‘விதை நிதி’ என்று ஒன்று தருகிறார்கள். பெரிய பணமில்லை. இங்கிருந்து ஒருவர் அங்கே போய்வர, அங்கிருந்து ஒருவர் இங்கே வந்துபோக, கொஞ்சம் ரசாயனம் வாங்க, முதல்கட்ட அளவீடுகளை எடுத்துப் பார்க்க. அதில் முளைத்ததைக் காட்டித்தான் அடுத்து பெரிய நிதி கேட்க முடியும். சரி, இந்த விதையை வாங்க என்னென்ன வேணும்? நிரந்தர வேலை வேணும். அயல்நாட்டுக் கூட்டாளியின் ஒப்புதல் கடிதம் வேணும். இருதரப்புத் திட்டம் என்றால் அவரும் அதே நேரத்தில் தன் நாட்டில் விண்ணப்பித்திருக்க வேணும். ஏற்கெனவே வெளியான கட்டுரைகள் வேணும். நிறுவனத் தலைவர் கையெழுத்து வேணும். அதாவது, கதிர் முற்றினவனுக்குத்தான் விதை!

சேரியில் பிறந்தவர்களுக்கு இது புதுசா? நாற்று நடுவது நம் பெண்கள். அறுத்துக் கட்டித் தூக்குவது நாம். விதை நெல் மட்டும் எப்போதும் ஆண்டை வீட்டுக் குதிரில்.

ஒரு திட்டத்தை எடுத்துப் பார்ப்போம். 2018-இல் நடுவண் அரசு ‘ஸ்பார்க்’ என்ற பெயரில் 418 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. காரக்பூர் ஐ.ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். 28 நாடுகளின் முன்னணி நிறுவனங்களோடு 600 கூட்டாய்வுகள் என்பது இலக்கு. யார் விண்ணப்பிக்கலாம்? தேசியத் தரவரிசையில், மொத்தப் பட்டியலிலோ அந்தந்தப் பிரிவுப் பட்டியலிலோ முதல் நூறுக்குள் வந்த நிறுவனங்கள். நூற்றியோராவது நிறுவனத்தில் உள்ளவனுக்கு மூளை கிடையாதா? நம் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே படிக்கிறார்கள், நம்மில் வேலை கிடைத்த கொஞ்சப் பேர் எங்கே வேலை பார்க்கிறார்கள்? பட்டியலுக்கு வெளியே கிடக்கும் சிறுநகரக் கல்லூரிகளில்தானே! சாதி என்ற சொல்லே விதிமுறையில் கிடையாது. தேவையும் இல்லை. ‘முதல் நூறு’ என்ற ரெண்டு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மிகைப்படுத்துகிறோமா? 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் இந்திய அறிவியலில் சாதி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. புதிதாக ஆய்வுக்கூடம் தொடங்க வரும் இளம் விஞ்ஞானிகளுக்கு நடுவண் அரசு தரும் ‘இன்ஸ்பையர்’ ஆசிரிய நல்கையில், 2016 முதல் 2020 வரை 80 விழுக்காடு முன்னேறிய சாதியினருக்குப் போயிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 6. பழங்குடியினருக்கு ஒன்றுக்கும் கீழே. 2011 கணக்கெடுப்பின்படி நாம் மக்கள் தொகையில் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6. ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்கென்று 2019-இல் வந்த சட்டமும் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனம் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. உலகத்தோடு கைகுலுக்கும் இடங்களின் வாசலிலேயே நம்மை நிறுத்தியாயிற்று.

உடனே ‘தகுதி, திறமை’ என்று கிளம்பி வருவார்கள். அமெரிக்காவில் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தவர்களின் படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்த பிறகும், வெள்ளையரைவிடக் கறுப்பர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. அவன் கணக்கு வைத்தான், அதனால் குட்டு வெளிப்பட்டது. எண்ணாத அநீதிக்குச் சாட்சி கிடையாது.

‘உங்களுக்குத்தான் தனித் திட்டம் இருந்ததே’ என்பார்கள். எஸ்.இ.ஆர்.பி. பட்டியல் சாதி, பழங்குடி விஞ்ஞானிகளுக்கென்று ஒரு திட்டம் நடத்தியது உண்மை. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டிப் பொதுப் பந்தியிலிருந்து எழுந்து போகச் சொன்னால் அதற்குப் பெயர் இரட்டைக் குவளை.

பணம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மேக்நாத் சாகா சாட்சி. டாக்கா பக்கத்து கிராமத்தில் சின்ன மளிகைக் கடைக்காரரின் மகன். தலித் அல்ல, ஆனால் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர். கல்கத்தா விடுதியில் மேல்சாதி மாணவர்கள் இவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். ஒளியின் அழுத்தம் அணுக்களைத் தேர்ந்து தள்ளுகிறது என்று 1917-இல் ஒரு கட்டுரை எழுதி அமெரிக்க வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். அச்சுக்கூலியை நீ கொடுத்தால் போடுகிறோம் என்றார்கள். மூன்றிலக்க டாலர். கையில் இல்லை. அந்தச் சிந்தனையைத் தொடர முடியாமல் விட்டுவிட்டதாகப் பின்னால் அவரே எழுதினார். பிறகு உதவித்தொகை கிடைத்து லண்டனில் ஆல்பிரட் ஃபவுலரின் ஆய்வுக்கூடத்தில் சில மாதம் இருந்தார். நட்சத்திரங்களின் நிறமாலை பற்றிய தன் கோட்பாட்டை அங்கே கிடைத்த தரவுகளோடு செப்பனிட்டார். 1921-இல் ராயல் சொசைட்டி வெளியிட்டது. அதே மூளைதான். ஒருமுறை பணம் இல்லை, மறுமுறை இருந்தது.

ஆகவே நாம் கேட்பது பிச்சை அல்ல. ஒவ்வொரு நிதி நிறுவனமும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதைச் சமூகவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கூட்டாளியைத் தேடிப் போகவே ஒரு சிறு நிதி வேண்டும், ஒப்புதல் கடிதம் கேட்காமல். முதல் சுற்றில் பெயரும் நிறுவனமும் மறைக்கப்பட்ட விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். முடியாதா? சுவிஸ் தேசிய அறிவியல் நிதியம் 2019-இல் தொடங்கிய சிறுநிதித் திட்டத்தில் இப்படித்தான் மதிப்பிட்டார்கள். அதற்கும் பெயர் ‘ஸ்பார்க்’தான். பெயர் ஒண்ணு, புத்தி வேற. தேர்வுக் குழுக்களில் நம் ஆட்கள் உட்கார வேண்டும். 2023 சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம் இவற்றைக் கேட்டு மாணவர் அமைப்புகள் எழுத வேண்டும்.

அதுவரை சும்மா இருப்பதா? கூடாது. விண்ணப்பம் எழுதுவது பிறவி ஞானமல்ல, கைத்தொழில். அவர்கள் வீட்டில் மாமா சொல்லித் தருகிறார். நமக்கு அமைப்புதான் மாமா. நிதி வாங்கிய தோழர்கள் தங்கள் விண்ணப்பத்தின் நகலைத் தம்பி தங்கைகளிடம் கொடுங்கள். நிராகரிக்கப்பட்டதையும் கொடுங்கள், அதில்தான் பாடம் அதிகம். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். ஒருவருடைய கட்டுரையை முழுசாகப் படித்து, உங்கள் கேள்வி என்ன, இதுவரை செய்தது என்ன, அவரிடம் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பதில் வந்ததும் குழைந்துவிடாதீர்கள். நம் மண்ணிலும் நம் ரத்தத்திலும் மாதிரி எடுத்து அனுப்பும் கூலியாக மட்டும் இருக்கச் சம்மதிக்காதீர்கள். தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி வாங்குங்கள். நிராகரித்தால் மதிப்பெண்ணையும் காரணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

1913-இல் ஓர் இளைஞர் பரோடா மன்னரின் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் கொலம்பியா போனார். அந்த விதையில் என்ன விளைந்தது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வேதியியல் தோழர் இந்த ஆண்டும் விண்ணப்பிக்கிறார். கையெழுத்து வாங்க இந்த முறை அவர் தனியாகப் போகக் கூடாது.