கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஒரு மலை



கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் நாம் முதலில் பார்ப்பது முகூர்த்த நேரம். ஆண்கள் பார்ப்பது ஊர். "அட, திருவண்ணாமலையா! அப்படியே கோயிலுக்கும் போயிட்டு வந்துடலாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த 'அப்படியே' இருக்கிறதே, அது எங்கள் குடும்பத்தை ஒன்பது வருஷம் படுத்திய பாட்டைத்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறாளே என்று என் கணவர் கோபித்துக்கொள்ள மாட்டார். படித்துக் காட்டி, அனுமதி வாங்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூர். இங்கிருந்து அரூர் போய், தீர்த்தமலை, தானிப்பாடி வழியாகத் திருவண்ணாமலை போகலாம். பொம்மிடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் நாத்தனாரின் மூத்த பெண்ணுக்கு 2015 வைகாசியில் திருவண்ணாமலையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரின் ஊர் அது. என் கணவர்தான் கூடப்பிறந்த ஒரே தாய்மாமன். மாமன் வந்து மாலை போட்டுச் சீர்த்தட்டு வைத்த பிறகுதான் பெண்ணைச் சபைக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். முதல் நாள் மாலை ஆறு மணிக்குப் பெண் அழைப்பு.

இவர் ஒரு தாளில் திட்டம் எழுதினார். எட்டு மணிக்குப் புறப்பாடு, பத்து மணிக்குத் தீர்த்தமலை, மத்தியானம் சாத்தனூர் அணையில் சாப்பாடு, மூன்றரைக்கு அண்ணாமலையார் தரிசனம், ஐந்து மணிக்கு மண்டபம். ரயில்வே அட்டவணை தோற்றது போங்கள்! வேனில் நாங்கள் பதினான்கு பேர். என் மாமியார், ஓரகத்தி குடும்பம், குஞ்சு குளுவான்கள் எல்லாம் சேர்த்து. கிளம்பும்போதே மணி ஒன்பதரை. பூக்காரர் மாலை கொண்டுவரத் தாமதம் என்று எல்லோரிடமும் சொன்னோம். என் தலைவாரலும் ஒரு காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தீர்த்தமலையைப் பற்றித் தெரியாத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரூர் பக்கத்துக் காட்டு மலை அது. மேலே தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும் இருக்கிறார்கள். ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று பாறையிலிருந்து ஐந்து தீர்த்தங்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். இராவண வதம் முடிந்து வரும் வழியில் ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தாராம். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவரச் சொல்லி அனுமாரை அனுப்பினார். பூஜை வேளை வந்துவிட்டது, அனுமாரைக் காணோம். ராமர் பாணத்தை எடுத்துப் பாறையில் விட, அங்கேயே தீர்த்தம் பெருகியது. அதை வைத்துப் பூஜையை முடித்துவிட்டார். பிறகு ஓடிவந்த அனுமார், நாம் கொண்டுவந்தது பயன்படாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டுக் குடத்தை வீசி எறிந்தாராம். அது விழுந்த இடம்தான் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிற அனுமன் தீர்த்தம். வேன் போகும்போதே என் மாமியார் இந்தக் கதையைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று சாயந்திரம் எங்கள் வீட்டிலும் இதே கதை நடக்கப் போகிறது என்று யார் கண்டார்கள்!

நாங்கள் படி ஏற ஆரம்பித்தபோது மணி பதினொன்றரை. வைகாசி வெயில். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் வலி என்பதால் அடிவாரக் கோயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். "எம் புள்ள வயித்துல இருந்தப்போ ஏறினது. இனிமே எங்க ஏறப்போறேன்? ராமர் தீர்த்தத்துல ஒரு சொம்புத் தண்ணி மட்டும் கொண்டாம்மா" என்று என் கையில் பித்தளைச் சொம்பைக் கொடுத்தார்.

கல் சுட்ட சூட்டில் குழந்தைகள் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார்கள். புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் குரங்கு பறித்துக்கொண்டது. பாதி வழியில் ஓரகத்தியின் எட்டு வயசுப் பையனுக்குத் தலைசுற்றி, வாந்தி வந்துவிட்டது. மர நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தோம். அவன் கண் திறந்து பேசுவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு பகுதி ஆட்கள் மேலே போக, ஒரு பகுதி கீழே இறங்க, இவர்களை அவர்கள் தேட, எல்லோரும் வேனில் ஏறும்போது மணி மூன்று. மாமியார் என் கையைப் பார்த்தார். சொம்பு காலி. அந்தக் களேபரத்தில் எனக்கு நினைவே இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சொம்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அணையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், நேரே மண்டபம் என்று விரட்டிக்கொண்டு போனோம். திருவண்ணாமலை எல்லையிலேயே வேனை நிறுத்திவிட்டார்கள். அன்று பௌர்ணமி! பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான பேர் கிரிவலம் வருகிற ஊர் அது. வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பத்திரிகையை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தும் எங்களில் ஒருவர்கூடத் தினசரி நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கவில்லை. சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து மண்டபம் சேரும்போது மணி ஏழே முக்கால்.

பெண் அழைப்பு முடிந்திருந்தது. சம்பந்தி வீட்டார் அவசரப்படுத்தவே, ஒன்றுவிட்ட தாய்மாமன் ஒருவரை நிறுத்தி மாலை போடச் செய்துவிட்டார்கள். இவர் கையில் மாலையோடு வாசலில் நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நாத்தனார் எங்களைப் பார்த்து அழவில்லை, சத்தம் போடவில்லை. "கோயில் எங்கேயும் போயிடாது அண்ணி. எம் பொண்ணு ஒரு தடவைதான் மணையில உட்காருவா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பொங்கலுக்கு வந்தாள், தீபாவளிக்கு வந்தாள், என் கையால் சாப்பிட்டாள். அண்ணனிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

இரண்டாவது பெண்ணுக்கும் அதே ஊரில், மூத்த மாப்பிள்ளையின் சொந்தத்திலேயே வரன் அமைந்தது. 2024 தை மாதம் முகூர்த்தம். இந்தத் தடவை இவர் தாளை எடுக்கும் முன் நான் எடுத்துவிட்டேன். முதல் வேலையாக நாட்காட்டியைப் பார்த்தேன். பௌர்ணமி முகூர்த்தத்தின் பக்கத்திலேயே இல்லை. பிறகு கோயில்களை எல்லாம் கல்யாணத்துக்குப் பின்னால் தள்ளினேன். போகும்போது வழியில் எந்தச் சாமிக்கும் இறங்குவதில்லை, கற்பூரம்கூட வேனிலிருந்தே காட்டிக்கொள்ளலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் இருந்தோம். சமையல்காரர்கள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் இவர் மாலை போட்டபோது நாத்தனார் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை.

மறுநாள் கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் கோயில் ஞாபகம் வந்துவிட்டது. பெரும்பாலான கோயில்களில் உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். விருந்து முடிகிற நேரமும் நடை சாத்துகிற நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது, பாருங்கள். எல்லோரையும் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். நாலரை மணிக்கு மேல் போனோம். கிழக்கு ராஜகோபுரம் பதினொரு நிலை, 217 அடி. அண்ணாந்து பார்க்கவே கழுத்து வலிக்கிறது. கோபுரங்கள் ஒன்பது. கிருஷ்ணதேவராயர் காலத்து ஆயிரங்கால் மண்டபம், அதற்குள்ளே ரமணர் இளம் வயதில் தவமிருந்த பாதாள லிங்கம் என்று பார்க்கப் பார்க்க முடியாத கோயில். வாசலிலிருந்து சன்னதி போய் வருவதே முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு யாத்திரைதான். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வரிசை நிற்கும் இடமெல்லாம் மாமியார் உட்கார்ந்துகொண்டார். பின்னால் நின்ற இரண்டு மூன்று பெண்மணிகள் எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்கள்!

கிரிவலம் 14 கிலோமீட்டர். அதை என் தாளிலிருந்து நானே அடித்துவிட்டேன். இளவட்டங்கள் நாலு பேர் மட்டும் ராத்திரி நடந்துவிட்டு வந்தார்கள். மாமியாரை ஆட்டோவில் சுற்றி அழைத்து வந்தோம். இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களிலும் ஆட்டோவை நிறுத்திக் கும்பிட்டார். ஆட்டோவில் போனால் புண்ணியம் இல்லை என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். எழுபத்தைந்து வயதில் அவர் நடந்து காட்டட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

கைப்பை விஷயம் சொல்ல மறந்துவிட்டேனே. மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, குழந்தைகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு மாற்றுத் துணி. இவை பெட்டியில் இருக்கக் கூடாது, உங்கள் மடியில் இருக்க வேண்டும். பெட்டி வேனின் மேலே கட்டப்பட்டிருக்கும்போதுதான் குழந்தைக்கு வயிற்றால் போகும். கரைசல் பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். கால் பொட்டலம் ஒரு டம்ளரில் என்று கண் அளவில் போடாதீர்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு வெயிலுக்கென்று தண்ணீர் புகட்ட வேண்டாம். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தாலே போதும். கட்டுச்சோற்றில் தயிர் சாதம் புளிக்காமல் இருக்க, சோற்றைப் பாலில் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால் மத்தியானம் பதமாக இருக்கும். இது நீங்கள் அறிந்ததுதான்.

இன்னொன்று. ஆண்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஓரகத்தியின் மகளுக்குத் 'தேதி' சரியாகக் கல்யாணத்தன்று. தள்ளிப்போடும் மாத்திரையை அவளே கடையில் வாங்கி வைத்திருந்தாள். நான் பிடுங்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டிய நோய் உண்டா, கல்லீரல் கோளாறு உண்டா என்றெல்லாம் கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள். தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டுமாம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். கடைசி நேரத்தில் விழுங்கிப் பயனில்லை. எனக்கென்னவோ ஒவ்வொரு கோயிலுக்கும் இதை விழுங்குவது பிடிக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போனாலும் சாமி அங்கேயேதான் இருக்கும்.

மறுநாள் விடிகாலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நாத்தனார் எங்கள் வேனிலேயே வந்தாள். பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள், ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தீர்த்தமலை அடிவாரத்தில் வேன் நின்றபோது ஏழரை. தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை, கல் ஜில்லென்று இருந்தது. குழந்தைகளையும் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களையும் மாமியாரோடு கீழேயே விட்டோம். நான், இவர், நாத்தனார் மூவரும்தான் ஏறினோம். ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. பித்தளைச் சொம்பை இவர் என்னிடம் கொடுக்கவே இல்லை. தானே பிடித்து, வாழையிலையால் வாயைக் கட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் அத்தனை படியும் இறக்கிக்கொண்டு வந்தார். கடைசிப் படியில் நாத்தனார் கையை நீட்டி, "குடுங்கண்ணா, நான் குடுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

மாமியார் ஒரு வாய் குடித்தார். மீதியை எங்கள் தலையில் தெளித்தார். ஐம்பத்து மூன்று வயசு மகனும் ஐம்பதை நெருங்கும் மகளும் சின்னக் குழந்தைகள் மாதிரி குனிந்து நின்றார்கள். "இந்தத் தடவை அனுமாரு வேளையோட வந்துட்டாரு" என்றார் மாமியார். நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "அண்ணா, அடுத்து உங்க வீட்டுக் கல்யாணம். அத்தைக்காரி நான் எத்தனை மணிக்கு வரணும்னு இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

பொம்மிடியில் மறுவீட்டுப் பலகாரத்துக்கு மாவு அரைக்க வேண்டியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் வேனைக் கிளப்பிவிட்டோம்.