படகில் இருவர், ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்

என் பெரியப்பா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். வயது 52. பாய்மரப் படகு ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டார்.

வரும் ஜூனில் அண்ணனும் அண்ணியும் மட்டும் குரோஷியா போறாங்க. ஸ்ப்ளிட் நகரில் படகை வாடகைக்கு எடுத்து, ஹ்வார், கோர்ச்சுலா, ம்லியெட் என்று தீவு தீவாக நின்று டுப்ரோவ்னிக் வரை நிதானமான பயணம்.

அண்ணி போன் செய்து கேட்டது ஒரே கேள்வி.
"தம்பி, வாந்தி வராம இருக்க என்ன மாத்திரை போடணும்?"

சொன்னேன்.

நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருந்தால் கண் "ஆடவில்லை" என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். எனவே மேல்தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்க. மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடணும், வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிய பயன் இல்லை. தூக்கம் வரும், அதனால் மதுவோடு சேரவே கூடாது. கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்.
"அண்ணன் தவறி கடல்ல விழுந்துட்டா நீங்க என்ன செய்வீங்க அண்ணி?"

அந்தப் பக்கம் அமைதி.

இதுதான் நான் சொல்ல வந்தது.

குரோஷியாவில் படகை நடத்துபவரிடம் உரிமமும் ரேடியோ சான்றும் கேட்பார்கள். கூட வருபவரிடம் எதுவும் கேட்பதில்லை. சட்டப்படி அது போதும். ஆனால் இருவர் மட்டுமே உள்ள படகில், தெரிந்தவர் தண்ணீரில் விழுந்தால் மிச்சமிருப்பது தெரியாதவர்.

அந்தக் கரையில் கோடைப் பிற்பகலில் வீசும் மேஸ்ட்ரல் காற்று வடமேற்கிலிருந்து வரும். தெற்கே போகிறவருக்கு முதுகில் தட்டிக் கொடுப்பது போல சுகமான காற்று. அதே காற்றில் ஓடும் படகு, விழுந்தவரை விட்டு ஒரே நிமிடத்தில் வெகுதூரம் போய்விடும். அலைகளுக்கு நடுவே ஒரு தலை எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

அண்ணிக்கு நான் சொன்னவை:

1. லைஃப் ஜாக்கெட் இருவரும் போட்டிருக்கணும். பெட்டிக்குள் இருக்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது.

2. விழுந்தால் உடனே மிதவை வளையத்தை வீசுங்க. அவர் மேலிருந்து கண்ணை எடுக்காதீங்க.

3. பாயைத் தளர்த்தி படகை நிறுத்துவது, இன்ஜினை ஸ்டார்ட் செய்வது, இரண்டையும் முதல் நாளே உங்கள் கையால் செய்து பாருங்க.

4. ரேடியோவில் சேனல் 16. "மேடே" என்று மூன்று முறை. போனில் என்றால் அங்கே கடல் மீட்புக்கு 195.

பயமுறுத்தவில்லை. போங்க, கட்டாயம் போங்க. ரிட்டயர் ஆன பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, முழங்கால் தேய்ந்த பிறகு வருந்துபவர்களை ஓபியில் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் அந்தப் படகு அட்ரியாடிக் கடலில் மட்டும் இல்லை.

இரவு டூட்டியில் நெஞ்சு வலியோடு ஒருவரைக் கொண்டு வருவார்கள். "என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று மனைவியிடம் கேட்டால், "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு, அவருக்குத்தான் தெரியும்" என்பார். மயங்கிய மனைவியைத் தூக்கி வரும் கணவருக்கு, அவர் இன்சுலின் போடுகிறாரா என்பதே தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று தெரியாமல் நாங்கள் தவிக்கும் அந்த நிமிடங்கள் உயிரின் விலை.

அன்பு குறைவு இல்லை. "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை அவர் நினைவோடு இருக்கும் வரைதான் உதவும்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்க. உங்கள் துணையின் மருந்துச் சீட்டை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்க. அவருக்குள்ள நோய், அலர்ஜி, மாத்திரை பெயர்களை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்க. உங்களுடையதை அவரிடம் கொடுங்க. 108 ஐ அழைத்து வீட்டுக்கு வழி சொல்ல இருவருக்கும் தெரியணும்.

பத்து நிமிட வேலை.

அண்ணி இப்போது வாராவாரம் அண்ணனோடு ஏரிக்குப் போய்ப் படகு ஓட்டப் பழகுகிறார். மாத்திரையும் வாங்கிவிட்டார்.